பதினெட்டாவது வீட்டு அழைப்பு

ரயில்வேயில் என் வேலை வேகன்களை எண்ணுவது. யார்டில் சரக்கு வண்டி வந்து நின்றதும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து, ஒவ்வொரு வேகனின் எண்ணையும் குறித்து, எத்தனை சரக்கோடு இருக்கிறது, எத்தனை காலி என்று சொல்ல வேண்டும். வேலைக் காலம் முழுக்க இதைச் செய்ததால், ஓய்வு பெற்ற பிறகும் கண் தானாக எண்ணிக்கொண்டே இருந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசையில் எத்தனை இலை என்று பார்த்துவிட்டுத்தான் என் இலையில் தண்ணீர் தெளிப்பேன். மனைவிக்கு இது பிடிக்காது. எண்ணாவிட்டால் எனக்கு எதுவோ குறைகிற மாதிரியே இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், உக்கடத்திலிருந்து போத்தனூர் போகிற வழியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்கினோம். கீழே வண்டி நிறுத்தும் இடம். மேலே மூன்று மாடிகள், மாடிக்கு ஆறாகப் பதினெட்டு வீடுகள். எங்களுடையது இரண்டாவது மாடி. கோயமுத்தூர்க்காரர்களுக்கு அப்போது அடுக்குமாடி புதுசு. தனி வீடும் தனிக் கேட்டுமாக இருந்து பழகியவர்கள், மேல் வீட்டில் உரலில் இடித்தால் கீழ் வீட்டில் கேட்கும் என்பதையே அங்கே வந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு பெரிய குறை இருந்தது. கட்டிக் கொடுத்தவர் ஆழ்துளைக் கிணறு மட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சமையலுக்கும் குடிப்பதற்கும் தெருமுனைப் பொதுக்குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரைத்தான் பிடித்து வர வேண்டும். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்ததால் பாரம் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் தூக்க வைத்திருந்த அம்மாள் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. ஆக, இரண்டு மாடி ஏறிக் குடம் சுமந்தது என் மனைவிதான். அவளுக்கு வலது முழங்கால் வீங்கிப்போயிருந்தது. பாரத்தோடு படி ஏறுவதை நிறுத்தாவிட்டால் இன்னும் கொஞ்ச நாளில் நடப்பதே கஷ்டமாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அவள் மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலையும் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். மேலே பால்கனியில் நின்று அவள் ஏறி வருவதைப் பார்ப்பது தவிர எனக்கு வேறு வேலை இல்லை. அதைவிட மோசமான வேலை நான் செய்ததில்லை.

இந்த நிலையில்தான் என்னைக் கட்டடத்து வீட்டுக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். அதற்கு முன் இருந்தவர் மோட்டார் உதிரிபாக வியாபாரி. மகனுடைய பனியன் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூர் போவதாக இருந்தார். வருடாந்திரக் கூட்டம் வண்டிகளுக்கு நடுவே நடந்தது. அவர் எழுந்து நேராக என்னைக் கை காட்டினார்.

“ஏனுங் சார், பொழுதே போகறதில்லைன்னு சொன்னீங்கல்ல? இனி நல்லாப் போகுமுங்க. இதைப் புடிங்க.”

“எனக்கு இதெல்லாம் பழக்கமில்லைங்க.”

“யாருக்குங்க பழக்கம்? நான் மட்டும் பொறக்கறப்பவே செயலாளராவா பொறந்தேன்?”

எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். என் கையில் மூன்று சாவிகளும், ஒரு ரப்பர் முத்திரையும், காய்ந்துபோன மைப் பெட்டியும் வந்து சேர்ந்தன. கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னைத் தனியாக அழைத்து, “ஒரு நல்ல காரியத்தைப் பாதியில உட்டுட்டுப் போறனுங்க” என்றார்.

கட்டடத்துக்குச் சிறுவாணி இணைப்புக் கொடுக்கத் தண்ணீர் அலுவலகம் சம்மதித்துவிட்டது. குழாய்ப் பள்ளம் எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் தோண்டப்படுவதால் பதினெட்டு வீட்டுக்காரர்களும் ஒரே சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்க மாட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கொடுக்காவிட்டால் எங்கள் முறை வேறு கட்டடத்துக்குப் போய்விடும். மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கே எனக்குத் தூக்கம் குறைந்தது. பதினெட்டு கையெழுத்துதானே, ஒரு கூட்டம் போட்டால் முடிந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ரயில்வே முறைப்படி ஒரு சுற்றறிக்கை தட்டச்சு செய்தேன். பொருள், இடம், நேரம் எல்லாம் தெளிவாகப் போட்டு, ஒரு பிரதியை மாடிப்படிக்குக் கீழேயும் இன்னொன்றை மோட்டார் ரூம் கதவிலும் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பன்னிரண்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்தேன்.

வந்தது ஒரே ஒருவர். எங்கள் சங்கத் தலைவி, மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். சர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்திருந்தார். மற்றவர்கள் எங்களைத் தாண்டி வெளியே போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

“என்னுங் சார், காத்தாட உக்காந்திருக்கீங்களாட்ட இருக்குது?” என்றார் பேக்கரி வைத்திருக்கும் முதல் மாடிக்காரர்.

“கூட்டமுங்க. நோட்டீஸ் பார்க்கலீங்களா?”

“பாத்தனுங்க. நல்லா டைப் அடிச்சிருக்கீங்க” என்று மனசாரப் பாராட்டிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் பத்துக் காலி நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு மேலே போனேன். மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“சொவத்துல ஒட்டிப்போட்டு எல்லாரும் வந்துருவாங்கன்னு உக்காந்திருந்தீங்களாக்கும்? அதென்ன, சினிமா போஸ்டருங்களா?”

“எல்லாரும் படிச்சவங்கதானே? படிச்சா வர வேண்டியதுதானே?”

“படிச்சாப் போதுமுங்களா? கூப்பிட வேண்டாமா? நம்ம பக்கத்துல காது குத்துன்னாக்கூடப் புருசனும் பொண்டாட்டியுமா ஊட்டு வாசல்ல போயி நின்னு, ‘வந்துருங்க’ன்னு சொல்லோணும். அப்பறந்தான் ஒரம்பரைச் சனம் வரும். இதுகூட மறந்துபோச்சுங்களா உங்களுக்கு?”

மறந்துதான் போயிருந்தது. பிறந்தது தாராபுரம் பக்கம் என்றாலும் வயசுக் காலமெல்லாம் ரயில்வே குவார்ட்டர்சில் கழிந்தது. அங்கே பலகையில் ஒட்டினால் படித்ததாகத்தான் கணக்கு. ஊர்ப்பக்கத்து உறவினர்களின் விசேஷங்களுக்கெல்லாம் அவளே போய் வந்தாள்.

அடுத்த வாரம் இருவருமாகக் கிளம்பினோம். மூன்றாவது மாடியில் ஆரம்பித்தோம். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ஊர் எது, குலக் கூட்டம் எது என்று விசாரித்து, காப்பி குடிக்காமல் விடமாட்டோம் என்றார்கள். அன்று ஒன்பது காப்பி குடித்தேன். மூன்றாவது மாடியில் ஒரு வீடு மட்டும் பூட்டியிருந்தது. அது முதல் மாடியில் குடியிருக்கும் லேத் பட்டறைக்காரரின் தம்பி வீடு.

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து, பழைய வீட்டை விற்று, ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு வீடு வாங்கியவர்கள். அண்ணன் பட்டறையை வைத்துக்கொண்டார். தம்பி பம்புசெட் வியாபாரம் செய்தார். சண்டை எதுவும் இல்லை. கடைசியாக நாங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது தம்பியே அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

“தம்பி, நீங்களும் இங்கயே இருக்கீங்க, நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை வந்துருங்க” என்றேன்.

அண்ணன், “வந்தர்றோமுங்க” என்றார். தம்பி பேப்பரை மடித்துவிட்டு, “ஆகட்டுங்க” என்றார்.

படியில் திரும்பும்போது மனைவி நின்றாள். “சாயந்தரமா மேல ஒருக்காப் போயி அந்தூட்லயும் சொல்லிப்போட்டு வந்துரலாங்க.”

“அவரே காதால் கேட்டாச்சு. உன் முட்டியை வைத்துக்கொண்டு மறுபடியும் எதுக்கு மூணாவது மாடி?” என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு வீடும் ஆயிற்று என்று மனசுக்குள் எண்ணி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போதவில்லை. பேக்கரிக்காரர் தன் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்துகொண்டார். பள்ளம் எங்கே தோண்டுவது, தோண்டுகிறவரை வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று ஒரு மணி நேரம் பேசி, வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். எண்ணினேன். பதினேழு. மறுபடி எண்ணினேன். பதினேழுதான். தம்பி வரவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, “சோலி எதாவது இருந்திருக்குமுங்க” என்றார்.

அன்று சாயங்காலமே காகிதத்தோடு மூன்றாவது மாடிக்குப் போனேன். தம்பியின் மனைவி கதவைத் திறந்தார்.

“வாங்க சார், வாங்க. உக்காருங்க. அக்கா வரலீங்களா? காப்பி கொண்டாரேன்.”

தம்பி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை படித்தார். திருப்பி என்னிடமே கொடுத்தார்.

“பாக்கலாங்க.”

எங்கள் பக்கத்தில் ‘முடியாது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பாக்கலாங்க’ என்று சொன்னால் முடியாது என்று அர்த்தம். ‘ரோசனை பண்ணிச் சொல்றனுங்க’ என்றால் இனி வராதே என்று அர்த்தம். மறுநாள் போனபோது அதையும் சொன்னார். அந்த வீட்டில் காப்பி நன்றாக இருக்கும். போன போதெல்லாம் கொடுத்தார்கள். கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை. கடைசித் தடவை டம்ளரை வாங்கிக்கொண்டு அந்த அம்மணி சிரித்த முகத்தோடு சொன்னார்:

“கீழூட்டுல போட்ட கையெழுத்தே ரெண்டூட்டுக்கும் சேத்தின்னு நெனைச்சோமுங்க சார்.”

எனக்குப் புரியவில்லை. அவமானப்பட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. மாதம் முடிய ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. மனைவி அன்று குடத்தை முதல் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நான் பார்த்தது தெரிந்ததும் உடனே தூக்கிக்கொண்டாள்.

அண்ணனைப் பிடிக்க அவருடைய பட்டறைக்கே போனேன். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அட என்னுங் சார் நீங்க! அதைக் கூப்பிட்டதுன்னு வெச்சுக்கிட்டீங்களா? எங்கூட்ல உக்கார வெச்சு அவனக் கூப்பிட்டா அவன் எங்கூட்டு ஆளுன்னுதானுங்க அர்த்தம்?”

“அங்கேதானே உட்கார்ந்திருந்தார்?”

“பேப்பர் படிக்க வந்தானுங்க! பாகம் பிரிச்சதுக்குப் பொறவும் ஊருக்குள்ள யாரைப் பாத்தாலும், ‘அண்ணனுக்குச் சொன்னாச் செரி, தம்பி வந்துருவான்’ங்கறாங்க. அவன் தனி ஊடு போனதே அந்தப் பேச்சுக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுத்தானுங்க. அவம் பொண்டாட்டிய ஆராச்சும் கூப்பிட்டீங்களா?”

கூப்பிடவில்லை.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா...” என்று இழுத்தேன்.

“நாஞ் சொன்னா சென்மத்துக்கும் போடமாட்டானுங்க” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “அன்னைக்கே சொன்னனுங்களே” என்று மனைவி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. “இப்பப் போயிக் கூப்பிடவும் முடியாதுங்களே. விசேசம் முடிஞ்சுபோச்சே. சாப்பாடு முடிஞ்சு எலை எடுத்தப்பறம் வாங்கன்னு கூப்பிட்டா அது இன்னும் மோசமுங்க” என்றாள்.

அவள் சொன்னதும் எனக்கு யார்டு நினைவுக்கு வந்தது. யார்டில் வேகன் எண்ணிக்கை ஒன்று இடித்தால் அந்த ஒரு வேகனை மட்டும் தேடிப் போகக் கூடாது. இஞ்சினிலிருந்து ஆரம்பித்து முழு வண்டியையும் மறுபடி எண்ண வேண்டும். டீச்சரிடம் போய், நடந்த கூட்டத்தை ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்று போடலாமா என்று கேட்டேன்.

“அப்ப இந்தக் காகிதம்?”

“அவர்கள் பெயரை அடியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான்...”

“கடைசியா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்குமே. அந்தக் கூட்டம் செல்லாதுன்னா காகிதமும் முழுசாச் செல்லாதுங்க.”

பதினேழு கையெழுத்தை வைத்துக்கொண்டு ஒன்றுக்காகத் தவித்தவன், அந்தப் பதினேழையும் விட வேண்டும். இரண்டாவது தடவை எல்லோரும் வருவார்கள் என்று யார் சொன்னது? எரிச்சலில் ஐந்து பேர் வராமல் போனால்? டீச்சர் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி நான்காகக் கிழித்தார்.

மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை முதலில் நின்றது தம்பி வீட்டு வாசலில். மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். கதவைத் திறந்த அந்த அம்மணிக்குப் பதறிவிட்டது.

“என்னுங்க்கா, இந்தக் காலோட நீங்க எதுக்கு ஏறி வந்தீங்க? சொன்னா நான் வந்திருக்க மாட்டனா?”

“கூப்பிடறதுக்கு நாந்தான அம்மணி வரோணும்? நீ வந்தா எப்படி?”

தம்பி உள்ளேயிருந்து வந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “ஞாயித்துக்கிழமை காலையில் சங்கக் கூட்டமுங்க. நீங்க ரெண்டு பேரும் வந்துரணும்.”

“போன வாரந்தானுங்க ஒண்ணு நடந்துது?” என்றார் அந்த அம்மணி.

“அது செல்லாதுங்க.”

“ஏனுங்க?”

“எல்லா வீட்டுக்கும் அழைப்புப் போகலைங்க. தப்பு என் மேலதான்.”

தம்பி தன் மனைவியைப் பார்த்தார். அவர் என் மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாரோமுங்க” என்றார் தம்பி.

அந்த ஒரு சொல்லைக் கேட்க எத்தனை காப்பி குடித்திருந்தேன்! மற்ற வீடுகளில் சொல்லும்போதுதான் பயம். “மறுபடியுமா சார்?” என்று ஆரம்பித்த பேக்கரிக்காரர், என் மனைவியின் முகத்தைப் பார்த்து, மேல் மாடியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்து, “ஓ... செரிங்க, செரிங்க. ஒண்ணுந் தெரியாத மாதர வந்தர்றனுங்க” என்றார். எந்த வீட்டிலும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு அழைப்பு என்றால் என்ன என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் நாற்காலி போடும் முன்பே ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். தம்பியும் அவர் மனைவியும் வந்தபோது முன்வரிசையில் இரண்டு இடம் தானாகக் காலியானது. அண்ணன் கடைசியில் ஒரு தூணோரம் நின்றுகொண்டு, போன வாரம் கேட்ட கேள்வியையே, முதல் தடவை கேட்பவர் போலக் கேட்டார்.

“ஏனுங் சார், நெசமாலுமே நமக்குச் சிறுவாணித் தண்ணி குடுத்துருவாங்களா?”

நானும் போன வாரம் சொன்ன பதிலையே சொன்னேன். பள்ளம் எங்கே தோண்டுவது என்று பேக்கரிக்காரர் கேட்டார். டீச்சர் விரலால் காட்டினார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். இரண்டாவது மாடி பேங்க்காரர் மட்டும் மறந்துபோய், “அதான் போன வாரமே...” என்று ஆரம்பிக்க, அவர் மனைவி இடுப்பில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். அவர் கத்திய கத்தலில் தம்பி குனிந்து சிரிக்க ஆரம்பித்தவர் நிமிரவே இல்லை.

“அட, போதுமுங்க. எல்லாரும் நல்லாத்தான் நடிக்கறீங்க. பேனாவைக் குடுங்க சார்” என்றார்.

அந்த வீடு இருவர் பெயரிலும் இருந்தது. அந்த அம்மணி முதலில் போட்டார், பிறகு அவர் போட்டார். மற்றவர்கள் அதற்குக் கீழே வரிசையாகப் போட்டார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன்.

“நல்லாப் பாத்து எண்ணுங்க சார்” என்றார் அண்ணன். “அவனுக்கும் சேத்து நானே போட்டிருக்கப் போறேன்.”

“போட்டாலும் போடுவீங்க” என்றார் தம்பி, திரும்பிப் பார்க்காமல்.

பதினெட்டு வீடும் இருந்தன.

மறுநாள் தண்ணீர் அலுவலகத்தில் காகிதத்தை வாங்கியவர் விரலை ஓட்டி எண்ணினார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முத்திரை குத்தினார். வெளியே வந்து உக்கடத்தில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த மாதம் முழுக்க வராத தூக்கம் அப்போது வந்தது. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது வண்டி மதுக்கரையில் நின்றுகொண்டிருந்தது. “எங்கீங்க போகோணும்?” என்று கேட்டார். நிறுத்தத்தின் பெயரைச் சொன்னேன். “அது போயி ரொம்ப நேரமாச்சுங்களே” என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ்ஸுக்காக நின்றேன்.

இணைப்பு வர இன்னும் சில மாதங்கள் ஆயின. பள்ளம் தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். நான் தினமும் போய் நின்று தொந்தரவு கொடுத்தேன். ஒரு நாள் காலையில் சமையலறையில் புதிதாக வைத்த குழாய் இருமிவிட்டுக் காற்றை விட்டது. பிறகு தண்ணீர் வந்தது. மனைவி ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

“நல்லா இருக்குதுங்களா?”

“நல்லா இருக்கு.”

அவள் குழாயைத் திருகி மூடினாள். பிறகு, “குழாயடியில நாலு பேரு ஊர்க்கதை, நாயம் பேசுவாங்க. இனி அதெல்லாம் எனக்கு யாரு வந்து சொல்லுவாங்க?” என்றாள்.

மறுநாள் வழக்கமான நேரத்தில் கீழே இறங்கிப் போனாள். நான் பால்கனிக்குப் போய் நின்றேன். தெருமுனைக் குழாயடியில் அவள் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கும் சத்தம் மேலேவரை கேட்டது. அப்புறம் மெதுவாகத் திரும்பி நடந்து வந்தாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தாள்.